செயற்கைக்கோள் எங்கே போகிறது என்பது யாருடைய ரகசியம்?

வரிக்கு 69 இடம், அப்படி இரண்டு வரி. ஒரு செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது, நாளை மாலை எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும்பும் என்று கணக்குப் போட இவ்வளவே போதும். டிஎல்இ என்று அழைக்கப்படும் இந்த இரண்டு வரிகளை யார் பார்க்கலாம், பார்த்ததை யாரிடம் கொடுக்கலாம் என்பதில்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க அரசுக்கும் வானத்தைக் கவனிப்பவர்களுக்கும் இழுபறி. வரிகளைப் படிக்கத் தெரியாமல் இழுபறியைப் புரிந்துகொள்வது கஷ்டம். அதனால் முதலில் வரிகளைப் பார்த்துவிடுவோம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் பட்டியல் எண் 25544. அதற்கு 2008ல் வெளியான ஒரு டிஎல்இயை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் இந்த எண்ணை ஒட்டி ‘யு’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். ரகசியமற்றது என்று பொருள். அடுத்து 98067ஏ: 1998ஆம் ஆண்டின் 67வது ஏவுதல், அதில் முதல் பொருள். அதற்கடுத்து 08264.51782528. 2008ஆம் ஆண்டின் 264வது நாள், அதாவது செப்டம்பர் 20. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நாளின் பின்னம். பெருக்கிப் பார்த்தால் சர்வதேச நேரம் பகல் 12 மணி 25 நிமிடம் 40 வினாடி. கணக்கெல்லாம் இந்த நொடியிலிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது வரியில் 51.6416 என்பது பாதையின் சாய்வு, டிகிரியில். 247.4627 என்பது செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியின் திசை. அதை அடுத்த 0006703தான் புதியவர்கள் தடுக்கி விழும் இடம். இது மையவிலகல், பாதை எவ்வளவு நீள்வட்டமாக இருக்கிறது என்ற அளவு. இதற்கு முன்னால் தசமப் புள்ளி இருப்பதாக நாமே வைத்துக்கொள்ள வேண்டும்: 0.0006703. கடைசியில் வரும் 15.72125391 ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது. 1440 நிமிடத்தை இதால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 91.6 நிமிடம். கெப்ளர் விதியில் போட்டால் அன்றைய உயரம் சராசரியாகச் சுமார் 353 கி.மீ. என்று வருகிறது. வரியின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். வரியிலுள்ள மற்ற எல்லா இலக்கங்களையும் கூட்டி, ஒவ்வொரு கழித்தல் குறிக்கும் ஒன்று சேர்த்து, கூட்டுத்தொகையின் ஒன்றாம் இடத்தை எடுத்தால் அதுவே வரவேண்டும். நகலெடுக்கும்போது ஒரு இடைவெளி விடுபட்டால் சரிபார்ப்பு எண் பொருந்தும், ஆனால் நெடுவரிசை எல்லாம் நகர்ந்து கணக்கு கெடும். எனவே வரியின் நீளத்தையும் தனியே சோதிக்க வேண்டும்.

இதே டிஎல்இயில் காற்றிழுவைக்கான எண் கழித்தல் குறியோடு இருக்கிறது. காற்று கோளைப் பின்னால் இழுக்குமே தவிர, முன்னால் தள்ளாது. பிறகு எப்படி? டிஎல்இயில் இருப்பவை அளந்த எண்கள் இல்லை. ரேடார்களும் தொலைநோக்கிகளும் பார்த்ததற்கு எஸ்ஜிபி4 என்ற கணக்கு முறையைப் பொருத்தும்போது கிடைக்கும் எண்கள். கோள் தன் எஞ்சினை இயக்கியிருந்தாலும், வளிமண்டலத்தின் அடர்த்தி மாறியிருந்தாலும், அந்தப் பிழையெல்லாம் இழுவை எண்ணில் போய் ஒதுங்கும். ஆகவே இந்த எண்களை எஸ்ஜிபி4ல் மட்டுமே போட வேண்டும். நேராகக் கெப்ளர் சமன்பாட்டில் போட்டால் பல கிலோமீட்டர் தள்ளிப்போகும். எஸ்ஜிபி4 தரும் விடையும் டெமி என்ற, பூமியோடு சுழலாத தனி ஆயச்சட்டகத்தில் வரும். அதைப் பூமியோடு சுழலும் சட்டகத்துக்கு மாற்றாமல் வரைபடத்தில் வைத்தால் கோள் வேறு கண்டத்துக்கு மேலே நிற்கும். பைத்தான் நிரல்மொழியில் ஸ்கைஃபீல்ட் நூலகம் இந்த மாற்றத்தைத் தானே செய்துவிடுகிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும், தாழ்பாதைக் கோளுக்குத் தொடக்க நொடியிலேயே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பிழை உண்டு. அதன்பின் நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். சூரியப் புயல் அடித்தால் இந்தக் கணக்கும் நிற்காது. இந்தப் பிழையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விவாதத்தின் பாதி இதில்தான் இருக்கிறது.

பட்டியலைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவம். இன்று விண்வெளிப் படையின் 18வது விண்வெளிப் பாதுகாப்புப் பிரிவு. பல ஆண்டுகள் இந்தத் தரவு நாசாவின் கொடார்ட் மையம் வழியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது. டி.எஸ். கெல்சோ என்பவர் 1985 முதலே அதைத் தொலைபேசி மோடம் வழியாகவும் பிறகு செலஸ்ட்ராக் இணையதளத்திலும் மறுபடி வழங்கிவந்தார். 2003 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 913வது பிரிவு ஏற்பாட்டையே மாற்றியது. ஸ்பேஸ்-ட்ராக் என்ற புதிய தளம் வந்தது, 2005ல் கொடார்ட் வழி மூடப்பட்டது. புதிய தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். யார், எதற்கு என்று சொல்ல வேண்டும். தரவையோ அதிலிருந்து செய்த பகுப்பாய்வையோ அனுமதியின்றி மூன்றாம் நபருக்குத் தருவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். செலஸ்ட்ராக் சிறப்பு அனுமதியோடு தொடர்ந்தது.

இன்று யாரும் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். ஸ்பேஸ்-ட்ராக்கில் நிமிடத்துக்கு 30, மணிக்கு 300 கோரிக்கைகள் என்று வரம்பு. ஒவ்வொரு கோளாகக் கேட்டு வரம்பை முட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முழுப் பட்டியலையும் ஒரே கோரிக்கையில் எடுத்து, சொந்த வட்டில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிரித்தெடுப்பதே முறை. செலஸ்ட்ராக் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுத் தரவு வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டும் நிரலை எழுதினால் அந்த முகவரியே தடுக்கப்படும்.

இனி மறைக்கப்படும் பகுதி. பட்டியலில் 37348ஐத் தேடினால் யுஎஸ்ஏ 224 என்ற பெயர் கிடைக்கும், 2011 ஜனவரியில் ஏவப்பட்டது என்ற விவரமும் கிடைக்கும். சுற்றுப்பாதை எண்கள் இருக்காது. அமெரிக்க உளவுக்கோள்கள் பெரும்பாலும் இப்படித்தான்: இருப்பது தெரியும், இருக்கும் இடம் மட்டும் வெளியிடப்படுவதில்லை. காரணம் எளிமையானது. உளவுக்கோள் எப்போது தலைக்கு மேலே வரும் என்று தெரிந்தால் எதிரி பொருள்களை மூடி வைப்பான், வேலையை நிறுத்துவான்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. 1995ல் பொக்ரானில் நடந்த அணுகுண்டுச் சோதனை ஏற்பாடுகளை அமெரிக்கக் கோள்கள் படம்பிடித்தன; அமெரிக்கத் தூதர் அந்தப் படத்தைக் காட்டி இந்திய அரசிடம் பேசினார், சோதனை நின்றது. 1998ல் கோள்கள் வரும் நேரத்தைக் கணக்கிட்டு, பெரும்பாலும் இரவில் வேலை செய்து, விடியும்முன் வண்டிகளையும் கருவிகளையும் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். மே 11 அன்று வெடித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. ஆக, நேரம் தெரிந்தால் பயன் உண்டு. ஆனால் இதே நிகழ்ச்சி இன்னொன்றையும் சொல்கிறது. அமெரிக்கா தன் உளவுக்கோள்களின் பாதையை வெளியிடாத காலத்திலேயே, தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அது எப்படி முடிகிறது என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. தாழ்பாதைக் கோள் நொடிக்குச் சுமார் 7.6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அது ஓடும் பாதைத்தளத்தை ஒரே ஒரு டிகிரி திருப்ப வேண்டுமானால் நொடிக்கு 130 மீட்டருக்கு மேல் வேகமாற்றம் தேவை. எரிபொருளில் அது பெரிய செலவு, யாரும் சும்மா செய்ய மாட்டார்கள். உயரத்தை ஒரு கிலோமீட்டர் மாற்ற நொடிக்கு அரை மீட்டர் சொச்சம் போதும். அதனால் உளவுக்கோள்கள் உயரத்தைத்தான் அடிக்கடி மாற்றும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுற்று நேரம் 1.2 வினாடி கூடும், ஒரு நாளில் 19 வினாடி தாமதமாகும். பத்து கிலோமீட்டர் ஏறினால் மூன்று நிமிடம். எனவே கோள் முன்னே பின்னே வரலாம். வரும் வழி மட்டும் மாறாது. பாதைத்தளம் கடக்கும் இடத்தைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருப்பவர் கண்ணில் அது பட்டே தீரும்.

காத்திருப்பவர்களுக்குத் தேவையானவை அதிகமில்லை. சூரியன் மறைந்து தரை இருட்டிய பிறகும் மேலே கோளின் மீது வெயில் அடிக்கும் அந்த ஓரிரு மணி நேரம். இல்லாவிட்டால் விடியலுக்கு முந்தைய அதே இடைவெளி. பெரிய உளவுக்கோள்கள் அப்போது வெறுங்கண்ணுக்கே தெரியும். இருகண்ணோக்கியும் நிறுத்துக்கடிகாரமும் வைத்து, தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே கோள் கடக்கும் நொடியைப் பதிவு செய்வது பழைய முறை. இன்று 50 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவில் சில வினாடி ஒளிப்பதிவு எடுத்து, கோடாக விழும் தடத்தின் இரு முனைகளையும் பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மென்பொருளே இடத்தைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் கெடுப்பது நேரம்தான். கேமராவின் கடிகாரம் அரை நொடி பிசகினால் கோளின் இடம் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் பிசகும். ஆகவே கருத்தூன்றிச் செய்பவர்கள் ஜிபிஎஸ் நேரத்தைக் காணொளிச் சட்டத்திலேயே பதிக்கிறார்கள். ஒரு நிமிட வில்லளவு (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கோணப்பிழை ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் 290 மீட்டர்தான்; நேரப்பிழைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஒரே இரவில் ஒரே இடத்திலிருந்து பார்த்த இரண்டு புள்ளிகளை வைத்துப் பாதை போட்டால் நம்ப முடியாது. சில நாள் இடைவெளியில், வெவ்வேறு அட்சரேகைகளிலிருந்து வந்த பதிவுகள் சேர்ந்தால்தான் பாதை இறுகும்.

இப்படிச் சேர்ந்த அமெச்சூர் பதிவுகளால் யுஎஸ்ஏ 224இன் பாதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2019 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், ஈரானின் ஏவுதளத்தில் ராக்கெட் வெடித்த இடத்தின் படம் ஒன்றைத் தன் ட்விட்டர் கணக்கில் போட்டார். மிகத் தெளிவான படம். சில மணி நேரத்தில் ஆர்வலர்கள் வேலையைத் தொடங்கினார்கள். கோபுரங்களின் நிழல் படம் எடுத்த நேரத்தைச் சொன்னது. வட்டமாக இருக்க வேண்டிய தளம் நீள்வட்டமாகத் தெரிந்த அளவு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தது என்பதைச் சொன்னது. அந்த நேரத்தில் அந்தக் கோணத்தில் யார் இருந்தார்கள்? யுஎஸ்ஏ 224. கோளின் பாதை பல ஆண்டுகளாக அமெச்சூர்களுக்குத் தெரிந்திருந்தும், அதன் கண் எவ்வளவு கூர்மை என்பது மட்டும் அதுவரை காக்கப்பட்டிருந்தது. உண்மையான ரகசியம் அதுவே. அதைப் போட்டு உடைத்தது பொதுத்தரவு அல்ல, அந்தப் படம்.

பாதுகாக்க வேண்டிய பட்டியலை நேர்மையாக எழுதினால் அதில் வருபவை வேறு. கோளின் படத் துல்லியம். எந்த நாளில் எதைப் படமெடுக்கப் போகிறது என்ற வேலைத்திட்டம். எஞ்சினை எப்போது இயக்கும் என்ற முன்திட்டம். தரையிலுள்ள ரேடார்கள் எவ்வளவு சிறிய பொருளைப் பார்க்கும், எங்கே பார்வை மங்கும் என்ற விவரம். கடைசியாகச் சொன்னதில் ராணுவத்தின் கவலை நியாயமானதே. ஒவ்வொரு பொருளுக்கும் பிழை எல்லையோடு துல்லியத் தரவை அப்படியே வெளியிட்டால், கருவிகளின் திறனை யாரும் பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். பிழை எல்லை சொல்லாத, கிலோமீட்டர் அளவில் மங்கலான டிஎல்இ மட்டும் பொதுவுக்கு வந்ததற்கு அதுவும் வழிசெய்தது. பாதையையே மறைப்பது அந்தக் கவலையோடு சேராதது.

பாதையை மறைக்க முடியாது என்பதைப் பள்ளிக்கூடமே காட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் கெட்டரிங் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் மாணவர்களும் சோவியத் கோள்களின் சமிக்ஞைகளை வானொலியில் கேட்டுவந்தார்கள். 1966ல் காஸ்மாஸ் 112இன் பாதை, தெரிந்த ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. தொடர்ந்து வந்த கோள்களின் பாதைகள் தரைமேல் வெட்டிக்கொண்ட இடத்தைப் பார்த்து, பிளெசெட்ஸ்க் என்ற புதிய ஏவுதளம் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள்.

பிரான்ஸ் இதையே அரசியலாகப் பயன்படுத்தியது. அமெரிக்கா தன் ராணுவக் கோள்களின் பாதையை மறைத்துக்கொண்டு பிரெஞ்சு ராணுவக் கோள்களின் பாதையை வெளியிட்டுவந்தது. 2005ல் இயங்கத் தொடங்கிய பிரான்சின் கிராவ்ஸ் ரேடார், அமெரிக்கப் பட்டியலில் இல்லாத 20 முதல் 30 கோள்களைக் கண்டுபிடித்தது. எங்களுடையதை நிறுத்துங்கள், இல்லையென்றால் நாங்களும் வெளியிடுவோம் என்று 2007ல் பேரம் பேச அது போதுமானதாக இருந்தது.

மங்கலான தரவுக்குக் கொடுத்த விலை 2009 பிப்ரவரி 10 அன்று தெரிந்தது. இயங்கிக்கொண்டிருந்த தகவல்தொடர்புக் கோள் இரிடியம் 33, செயலிழந்த ரஷ்யக் கோள் காஸ்மாஸ் 2251உடன் சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 11.7 கி.மீ. ஒப்பு வேகத்தில் மோதியது. பட்டியலிடும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் சிதறின. டிஎல்இயை வைத்து நெருக்கங்களைக் கணக்கிடும் செலஸ்ட்ராக்கின் சாக்ரடீஸ் சேவை, இரண்டும் 584 மீட்டர் தள்ளிப்போகும் என்று சொல்லியிருந்தது. அன்றைய பட்டியலில் அதைவிட நெருக்கமான சந்திப்புகள் வேறு இருந்தன. கிலோமீட்டர் பிழையுள்ள எண்களை வைத்து எதற்கென்று நகர்வது? ராணுவத்திடம் இதைவிடத் துல்லியமான தரவு இருந்தது. எல்லோருடைய கோள்களுக்கும் அதை ஓட்டிப் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடுதான் இல்லை. மோதலுக்குப் பிறகே அது வந்தது. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பூட்டிய கதவு, மோதலைத் தவிர்க்க வேண்டியவனை வெளியே நிறுத்திவிட்டது. இந்த விவாதத்தில் மனதை உறுத்துவது இதுதான்.

திறந்த தரவு அரசுகளுக்கும் உதவியிருக்கிறது. 2014ல் ஏவப்பட்ட ரஷ்யாவின் லூச் கோள், புவிநிலைப் பாதையில் ஊர்ந்துபோய் 2015ல் இரண்டு இன்டெல்சாட் தகவல்தொடர்புக் கோள்களுக்கு நடுவே நின்றதைப் பொதுப் பட்டியலை வைத்தே யாரும் பார்க்க முடிந்தது. 2018 ஜனவரியில் ஸூமா என்ற ரகசியக் கோளைத் தேடிக்கொண்டிருந்த கனடா அமெச்சூர் ஒருவர் காதில், 2005ல் தொடர்பு அறுந்த நாசாவின் இமேஜ் கோள் விழுந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, ரகசியத்தைத் தேடிய அதே ஆண்டெனா.

சிறிய கோள் ஏவும் மாணவர் குழுக்களுக்கு இந்த விவகாரம் ஏவிய மறுநாளே கதவைத் தட்டும். 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி சி-37 ஒரே நேரத்தில் 104 கோள்களை விட்டது. இப்படிப்பட்ட ஏவுதலுக்குப் பிறகு பட்டியலில் பொருள் ஏ, பொருள் பி என்றுதான் வரும். எது யாருடையது என்று ரேடாருக்குத் தெரியாது. பிரித்தெடுக்க டாப்ளர் விளைவுதான் வழி. 437 மெகாஹெர்ட்ஸில் கோள் அனுப்பும் சமிக்ஞை, நெருங்கும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும். மலிவான எஸ்டிஆர் (மென்பொருள் வானொலி) ஏற்பியில் அந்த வளைவைப் பதிவு செய்து, ஒவ்வொரு டிஎல்இயும் தரும் வளைவோடு ஒப்பிட வேண்டும். வளைவு செங்குத்தாகக் கடக்கும் நேரம் எதோடு பொருந்துகிறதோ அதுவே நம்முடையது. முதல் வாரத்தில் கோள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் போவதால் பல வளைவுகள் ஒரே மாதிரி தெரியும். அப்போது அவசரப்பட்டு உரிமை கோரினால் இருவருடைய எண்ணும் மாறிப்போகும். சாட்நாக்ஸ் போன்ற திறந்த தரைநிலைய வலையில் பல நாட்டுப் பதிவுகளும் கிடைப்பதால் இந்த வேலை இப்போது எளிது.

ஏவுவதற்கு முன்பே ஸ்பேஸ்-ட்ராக்கில் இயக்குபவராகப் பதிந்து, இரவு பகல் எடுக்கும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவையுங்கள். தாழ்பாதையில் மோதல் எச்சரிக்கை பெரும்பாலும் மூன்று நாள் முன்னதாக வரும். அதில் நெருங்கும் நொடி, தூரம், பிழை எல்லை இருக்கும். மோதும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் நகர்வதைப் பற்றி யோசிப்பது பொதுவான வழக்கம். எஞ்சின் உள்ள கோளானால், நகரும் திட்டத்தையும் எதிர்பார்க்கும் பாதையையும் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். ஸ்டார்லிங்க் அப்படித்தான் செய்கிறது. செலஸ்ட்ராக் அதிலிருந்து தனி டிஎல்இ தயாரித்துத் தருகிறது. ராணுவம் வெளியே இருந்து பார்த்துப் போட்டதைவிட அது நம்பகமானது.

இன்னொன்று. டிஎல்இயில் பட்டியல் எண்ணுக்கு ஐந்து இடம்தான். அது தீர்ந்துகொண்டிருக்கிறது. முதல் இலக்கத்துக்குப் பதில் எழுத்து வைக்கும் ஆல்ஃபா-5 தற்காலிக ஒட்டுதான். பட்டியல் எண்ணை முழு எண்ணாகப் படிக்கும் நிரல்கள் அந்த எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். புதிதாக எழுதுபவர்கள் டிஎல்இக்குப் பதிலான ஓஎம்எம் என்ற வடிவத்தை ஜேசன் அல்லது சிஎஸ்வியாக எடுத்துப் படியுங்கள். ஆண்டுக்கு நான்கு இலக்கம், பட்டியல் எண்ணுக்கு ஒன்பது இலக்கம் வரை இடம், மையவிலகலுக்குத் தசமப் புள்ளியும் உண்டு.